அறுபது வயதில் எந்தப் பாட்டு? – கரோக்கி பற்றி ஒரு பேச்சு



சென்ற மாதம் எமது வானொலியின் சனிக்கிழமைப் பின்னேர நிகழ்ச்சியில் கரோக்கி பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேச்சு முடிந்த பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "தம்பி, அந்தச் சுருதி மாத்திற விசயத்தை எழுத்தில தாங்கோ, கேட்டது மறந்து போச்சு" என்று வந்தவை. மற்றப் பாதி, ரி.எம்.எஸ். பற்றி நான் சொன்ன ஒரேயொரு வசனத்துக்காக என்னோடு சண்டைக்கு வந்தவை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை. நேரம் போதாமல் வானொலியில் விட்டுப்போனவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடகன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துவிட்டு இங்கே வந்து கணக்காளராக வேலை பார்க்கிறவன். ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுவேன், பாடமாட்டேன். ஆனால் கணக்குப் பார்க்கிற பழக்கம் இந்த விடயத்தில் எனக்கு உதவியது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், படகுகளை ஏற்றி இறக்கும் கால்வாய்க் கதவுகளிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சிறிய மண்டபத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடுகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "மொன்றியல் தீவின் கடைசி முனையில் போய் ஏன் வைக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, வாடகை குறைவு. இரண்டாவது, டொலார்ட், பியர்போன்ட்ஸ், வோட்றயி என்று மேற்குப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு நகரத்துக்குள் போவதை விட இது கிட்ட. மூன்றாவதாக ஒரு காரணத்தை நான் பிறகுதான் படித்தறிந்தேன். பழைய காலத்தில் தோல் வியாபாரத்துக்காக மேற்கே துடுப்பு வலித்துப் போன படகுக்காரர்களுக்கு, தீவை விட்டுப் புறப்படும்போது கடைசியாக இருந்த தேவாலயம் இந்த ஊரில்தான். இங்கே கும்பிட்டுவிட்டு, துடுப்புக்குத் தாளமாகப் பாடிக்கொண்டு போவார்களாம். 1804இல் இந்தப் பக்கம் வந்த அயர்லாந்துக் கவிஞர் தோமஸ் மூர் அந்தப் படகுப் பாட்டைக் கேட்டுத் தானும் ஒரு பாட்டு எழுதினார். அதில் இந்த ஊரின் பெயர் வருகிறது. ஆக, ஊரை விட்டுப் போகிறவன் பாடுகிற பாட்டு இந்த ஊருக்குப் புதிதல்ல.

நாங்கள் தொடங்கியபோது, "மூத்தோருக்கான பாடல்கள்" என்று நாற்பது பாட்டுக்களை நானே தெரிந்தெடுத்தேன். பாகவதர் இரண்டு, ஏ.எம். ராஜா, ஜிக்கி, பி.பி. ஸ்ரீனிவாஸ், சீர்காழி, ரி.எம்.எஸ்., சுசீலா. எல்லாம் 1968க்கு முந்தியவை. வந்தவர்கள் பெரும்பாலும் அறுபது வயதுக்காரர். மரியாதையாக இருந்து கேட்டார்கள், வடை சாப்பிட்டார்கள், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். இரண்டு பேர் பாடினார்கள். மூன்றாம் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். பனி கொட்டுகிறது, அதுதான் வரவில்லை என்று என்னையே நான் சமாதானம் செய்துகொண்டேன்.

ஏப்ரல் மாதம் வருமான வரிப் படிவங்கள் நிரப்பும் காலம். அந்த ஊரிலேயே இருக்கிற யப்பானியப் பெண்மணி ஒருவருக்குப் பல வருடமாக நான்தான் வரிக் கணக்குச் செய்கிறேன். வயது அறுபதுகளின் நடுவில். யப்பானின் வடக்கில் அவொமொரிப் பக்கம் பிறந்தவர். அவருடைய வீட்டு அறையில் பழைய கரோக்கி இயந்திரம் ஒன்று இருந்ததைப் பார்த்து, "நீங்களும் எங்கா பாடுவீர்களா?" என்று கேட்டேன். எங்கா என்பது யப்பானியரின் துயரமான, குரலை நடுங்கவிட்டுப் பாடுகிற பாட்டு வகை. எங்கேயோ படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது என் அப்பாவின் பாட்டு. எனக்கு அறுபது ஆன நாளிலிருந்து எல்லோரும் எங்காவைத்தான் பாடச் சொல்கிறார்கள். எனக்கு வயது போகப் போக என் அப்பாவாக மாறிவிடுவேன் என்று நினைக்கிறார்கள்."

அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

மனிதருக்கு மனதில் ஆழமாகப் பதிகிற பாட்டு, ஏறத்தாழப் பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டு. இதை உளவியல்காரர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். 2025இல் 65 வயதான ஒருவர் 1960இல் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதாகும்போது வருடம் 1976. அந்த வருடம் என்ன நடந்தது? 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் முதற் படம். அடுத்த வருடம் '16 வயதினிலே'. 1978இல் 'முள்ளும் மலரும்'. 1979இல் எம்.எஸ். விஸ்வநாதனின் 'நினைத்தாலே இனிக்கும்'. 1980இல் 'நிழல்கள்'. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை'. இருபத்தைந்து வயதில் 'இதயக்கோயில்'. இந்த ஆளிடம் போய் ஏ.எம். ராஜா பாட்டைக் கொடுத்துப் பாடச் சொன்னேன் என்றால், அது அவருடைய தகப்பனாரின் சேர்ட்டை எடுத்துக் கொடுத்தது மாதிரித்தான். வானொலியில் நான் ஏ.எம். ராஜா என்று சொல்லாமல் ரி.எம்.எஸ். என்று சொல்லிவிட்டேன். அதுதான் வினையாகிப் போயிற்று.

அழைத்தவர்களில் ஓர் அண்ணைக்கு வயது 67. "தம்பி, 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' பார்க்க வரிசையில் நின்றவன் நான். எனக்குப் பதினைந்து வயது. உம்மட கணக்குப்படியே ரி.எம்.எஸ். என்ர பாட்டுத்தானே?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. ரி.எம்.எஸ். எழுபதுகளிலும் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடிக்கொண்டுதான் இருந்தார். பாடகரின் பெயரை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது, பாட்டு வந்த வருடத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று திருத்திக் கொள்கிறேன். இன்னொன்று: அந்தப் படத்தின் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். யப்பானில், ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியில் போய்ப் படம் பிடித்தார். யப்பான் எங்களுக்கு முதன்முதலாகத் திரையில் தெரிந்தது அந்தப் படத்தில்தான். அண்ணைக்கு நன்றி.

இனி யப்பானியர் என்ன பாடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். எங்களுக்கு இது ஏன் தேவை என்றால், அறுபது வயதில் பாடுவதை எங்களை விட நீண்ட காலம் செய்து பார்த்தவர்கள் அவர்கள். அறுபது என்ற எண்ணும் இரு தரப்புக்கும் பொது. எங்களுக்குப் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருடப் பெயர்கள். பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வரும்போது மணிவிழா. 1965இல் வந்த விசுவாவசு 2025 சித்திரையில் திரும்பி வந்தது. அவர்களுக்கும் சீன முறைப்படி அறுபது வருடச் சுற்று உண்டு. அது முடிகிறபோது கன்ரெக்கி என்று கொண்டாடி, குழந்தைக்குப் போடுவது போலச் சிவப்புக் கையில்லாச் சட்டை போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் பாட்டுத்தான்.

கரோக்கி என்ற சொல்லில் 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது ஓர்க்கெஸ்ராவின் முதற் பகுதி. பாடகர் இல்லாத வெறும் வாத்தியக் குழு. இதை யார் கண்டுபிடித்தார் என்பதில் வழக்குப் பேசலாம். நெகிஷி ஷிகெய்ச்சி என்பவர் 1967இல் ஸ்பார்க்கோ பொக்ஸ் என்ற பெட்டியைச் செய்தார். அவர் 2024 ஜனவரியில் நூறாவது வயதில் காலமானார். ஆனால் உலகம் அதிகம் அறிந்த பெயர் இனூவே டைசுக்கே. கோபே நகரத்து மதுச்சாலைகளில் வாத்தியம் வாசித்தவர். வாடிக்கையாளர் ஒருவர், ஒரு கொம்பனி முதலாளி, தான் போகும் சுற்றுலாவில் பாட இவரைத் துணைக்கு அழைத்தாராம். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கு ஏற்ற மாதிரிப் பின்னணியை மட்டும் வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்துவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் 1971இல் அவர் செய்து வாடகைக்கு விட்ட பதினொரு இயந்திரங்கள். காப்புரிமை எடுக்கவில்லை. கணக்காளன் என்ற முறையில் இதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. அவருக்கு 2004இல் கிடைத்தது, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் காரியங்களுக்குக் கொடுக்கிற இக் நோபல் சமாதானப் பரிசு.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது, அவர் அந்த மனிதரின் குரலுக்கு ஏற்ற மாதிரி வாசித்துக் கொடுத்தார் என்பது. இதற்குப் பிறகு வருகிறேன்.

யப்பானிய அம்மையார் எனக்குச் சொன்னபடி, இன்றைய அறுபது வயதுக்காரரின் பாட்டுக்கள் ஒரே வகையானவை அல்ல. அடியில் இருப்பது அப்பா அம்மாவின் எங்கா. அதை அவர்கள் முற்றாக விடவில்லை. 1977இல் இரண்டு பாட்டுக்கள் வந்தன. ஒன்று இஷிகாவா சயூரி பாடிய 'ட்சுகாரு நீரிணையின் குளிர்காலம்'. மற்றது சென் மசாவோ பாடிய 'வடநாட்டு வசந்தம்'. முதலாவதில் ஒரு பெண் ரயிலில் அவொமொரிக்கு வந்து, கப்பலேறி வடக்குத் தீவுக்குப் போகிறாள். இரண்டாவதில் நகரத்தில் வேலை செய்கிறவனுக்கு ஊரிலிருந்து தாய் பொதி அனுப்புகிறாள். யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் வடக்குக் கிராமங்களின் பிள்ளைகள் ரயில் ரயிலாகத் தோக்கியோவுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களின் பாட்டு இது. முதற் பாட்டில் வருகிற ரயில்வேக் கப்பல் 1988இல், கடலுக்கடியிற் சுரங்கம் திறந்ததும் நின்றுபோயிற்று. கப்பல் இல்லை, பாட்டு இருக்கிறது. இதைச் சொல்லும்போது அந்த அம்மா ஒன்றும் பெரிதாகச் சோகப்படவில்லை. நான்தான் தலைமன்னார்க் கப்பலை நினைத்துக்கொண்டு படிவத்தில் தவறான கட்டத்தில் எழுதிவிட்டேன்.

அதற்கு மேல் இருப்பதுதான் அவர்களின் சொந்தப் பாட்டு. யமகுச்சி மொமொயே என்ற பாடகி பதின்மூன்று பதினான்கு வயதில் வந்து, 1980இல் இருபத்தொரு வயதில் கலியாணம் செய்துகொண்டு பாடுவதை விட்டார். பிறகு திரும்பியே வரவில்லை. 1978இல் அவர் பாடிய 'நல்ல நாளில் புறப்பாடு' யப்பானிய ரயில்வேயின் விளம்பரத்துக்காக வந்த பாட்டு. எழுதி இசையமைத்தவர் தனிமுரா ஷின்ஜி. அவரே பாடிய 'சுபாரு' 1980. அதே வருடம் இட்சுவா மயூமியின் 'காதலனே'. இந்தப் பாட்டை ஆசியா முழுவதும் பாடினார்கள். மட்சுடா செய்க்கோ 1980இல் வந்தவர். அவருடைய பாட்டுக்களை இப்போதும் பெண்கள் கூட்டமாகப் பாடுவார்களாம். மட்சுதொயா யூமியும் நக்காஜிமா மியூக்கியும் தாங்களே எழுதித் தாங்களே மெட்டமைத்துப் பாடியவர்கள். நக்காஜிமாவின் 'நூல்' 1992இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிறகு கலியாண வீட்டுப் பாட்டாகி, இப்போது மூன்று தலைமுறையும் பாடுகிறது. பாட்டி பேர்த்தி இருவரும் ஒரே அறையில் பாடக்கூடியது என்பதால் அறுபது வயதுக்காரருக்கு இது மிகப் பிடித்தம் என்றார்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. சக்கமோட்டோ கியூ 1961இல் பாடிய 'மேலே பார்த்தபடி நடப்போம்'. கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடக்கிறவனின் பாட்டு. 1963இல் அமெரிக்காவிலும் முதலிடம் வந்தது. மேல்நாட்டில் வெளியிட்டவர்கள் பெயரைச் சொல்ல நாக்கு வளையாது என்று 'சுக்கியாக்கி' என ஓர் இறைச்சிக் கறியின் பெயரை வைத்தார்கள். எங்கள் தாலாட்டு ஒன்றுக்கு ஆட்டிறைச்சிக் கறி என்று பெயர் வைத்த மாதிரி. அந்தப் பாடகர் 1985 ஆகஸ்ட் 12இல் நடந்த யப்பான் எயார்லைன்ஸ் விமான விபத்தில் இறந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, நாற்பது பாட்டுப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் எடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: "ஓ.எல். சோதினை எடுத்த வருசம் என்ன பாட்டுக் கேட்டனீங்கள்?" பதில் உடனே வந்தது. யாரும் யோசிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே போனேன். எஸ்.பி.பி., ஜானகி, வாணி ஜெயராம், யேசுதாஸ், மலேசியா வாசுதேவன். பெரும்பாலானவை 1976க்குப் பிந்தியவை.

எதிர்பாராமல் அந்தப் பட்டியலில் நிறைய வந்தது எங்களுடைய இலங்கைப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் கள்ளுக்கடைப் பாட்டும், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும். எழுபதுகளில் இலங்கை வானொலியில் இவை போகும்போது வீட்டில் பெரியவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 'சுராங்கனி' தமிழ்நாட்டுக்கும் போய் 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் வந்தது. நித்தி பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். கரோக்கிக்கு இவை ஏன் பொருந்துகின்றன தெரியுமா? பைலாவின் துள்ளல் தாளம், குறுகிய சுர எல்லை, திரும்பத் திரும்ப வருகிற ஒரே மெட்டு, நாலு வரிக்கு ஒருமுறை எல்லோரும் சேரலாம். "எனக்குப் பாட வராது" என்று சுவரோடு நிற்கிற ஆளை இழுத்துவர இதைவிட நல்ல கயிறு கிடையாது. சங்கீதம் கற்ற சில அக்காமார் இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொண்டே கை தட்டுகிறார்கள்.

வயது குறைந்த பக்கம், அதாவது என் வயதுக்காரருக்கு, கணக்குக் கொஞ்சம் சிக்கல். 1990 நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் நாடா இழுபட்டு, ஜானகி பாடுவது ஆண்குரல் மாதிரி வரும். சுருதி இறங்குவது என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கியது அங்கேதான்.

இப்போது சுருதி விடயம். கவனமாக வாசியுங்கள், எல்லோரும் கேட்டது இதைத்தான்.

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை வெள்ளை. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை கறுப்பு. மூன்றரை கிடையாது. ஏழரையும் கிடையாது, அது சனியனுக்கு மட்டும். மேல்நாட்டு முறையில் ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கரோக்கிப் பெட்டியிலோ கணனியிலோ சுருதியை ஒரு படி கூட்டினால் அல்லது குறைத்தால், பக்கத்திலுள்ள கட்டைக்குப் போகிறது, வெள்ளையோ கறுப்போ. ஆகவே ஐந்தரையிலிருந்து நாலுக்கு வர மூன்று படி: ஐந்தரை, ஐந்து, நாலரை, நாலு. மூன்றிலிருந்து நாலுக்கு ஒரே படி. பன்னிரண்டு படி போனால் அதே சுரம், ஆனால் அடுத்த ஸ்தாயியில்.

வயது போகும்போது பெண்களின் குரல், முக்கியமாக மாதவிடாய் நின்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. ஆண்களின் குரல் முதுமையில் மெலிந்து சற்று ஏறுகிறது, ஆனால் உச்சத்தில் நின்று பிடிக்கிற மூச்சு போய்விடுகிறது. பாட்டு மட்டும் பாடகர் முப்பது வயதில் பாடிய அதே சுருதியில் நிற்கிறது. அதோடு மல்லுக்கட்டித் தோற்றுவிட்டு, "என்ர குரல் போச்சு" என்று சனம் வீட்டில் இருந்துவிடுகிறது.

அப்படி வீட்டில் இருந்துவிட்ட ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், பெயர் போடாமல். வயது 66. பள்ளிக்கூட நாளிலிருந்து ஜானகி பாட்டுப் பாடுகிறவர். முதற் கூட்டங்களில் பாடிய இரண்டு பேரில் ஒருவர் அவர்தான். சரணத்தில் உச்சிக்குப் போகும்போது குரல் உடைந்தது. சிரித்துச் சமாளித்தார், பிறகு மூன்று மாதம் வரவில்லை. கணவர் காலமாகி இரண்டு வருடம், பிள்ளைகள் ரொறன்ரோவில். இந்தக் கூட்டம் ஒன்றுக்குத்தான் அவர் வெளியில் வருவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"குரல் உடைஞ்சு போச்சு தம்பி, இனி ஏன் நான்?" என்றார் தொலைபேசியில்.

"உடையேல்லை அக்கா, கீழ இறங்கியிருக்கு. பாட்டையும் கீழ இறக்குவம்" என்றேன். சொன்னேனே தவிர எப்படி என்று அப்போது தெரியாது. ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றலாம் என்று என் மகள் காட்டித்தந்தாள். அக்காவின் வீட்டுக்கே போய், வாத்தியம் ஒன்றும் இல்லாமல், சமைக்கும்போது பாடுகிற மாதிரி அந்தப் பாட்டைப் பாடச் சொன்னோம். தானாக எந்தச் சுரத்தில் தொடங்குகிறார் என்று மகளின் தொலைபேசியில் இருந்த சுருதி காட்டும் செயலியில் பார்த்தோம். மூலப் பாட்டு ஐந்தரைக் கட்டை. அவர் நாலில் பாடினார். மூன்று படி. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மாதம் வீட்டில் இருந்தது மூன்று படிக்காக.

அது ஒரு சோடிப் பாட்டு. ஆண் குரலை அப்படியே விட்டு, பெண் குரலை மட்டும் எடுத்த பின்னணிகளும் கிடைக்கின்றன. அதையே போடவா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். "அவர் பாடுற இடம் சும்மா கிடக்கட்டும்." மண்டபத்தில் அவர் பாடியபோது அந்த வரிகளில் வெறும் வாத்தியம் மட்டும் போயிற்று, நாங்கள் காத்திருந்தோம். இரண்டாம் சரணத்தில் பின்வரிசையில் யாரோ மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை.

நீங்களே செய்து பார்ப்பதானால்: பல்லவியை வைத்துச் சுருதி தீர்மானிக்காதீர்கள். பல்லவி எல்லோருக்கும் வரும். சரணத்தில் மிக உயரமான வரி எது என்று பார்த்து, அதை முதலில் பாடிப் பாருங்கள். அது கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் மற்றதெல்லாம் வரும். மிக இறக்கினால் அடி வரிகள் காற்றாகிவிடும். மேலும் கீழும் இரண்டும் எட்டாவிட்டால் அந்தப் பாட்டு உங்களுக்கல்ல, வேறு பாட்டு எடுங்கள். நாலு படிக்கு மேல் மாற்றினால் தபேலா சாக்குப் பையில் தட்டுவது போலக் கேட்கும். சோடிப் பாட்டில் இருவருக்கும் பொருந்தும் சுருதி பெரும்பாலும் ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்குச் சற்று வசதிக் குறைவாகவும் இருக்கும். யார் விட்டுக்கொடுப்பது என்பதில் நான் தலையிட மாட்டேன்.

எழுத்து விடயம் ஒன்று. திரையில் வரிகள் ஆங்கில எழுத்தில் ஓடினால் எங்கள் அக்காமார் ல, ள, ழ குழம்பித் தடுமாறுகிறார்கள். தமிழ் எழுத்தில் ஓடினால் பேரப்பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஆகவே இரண்டையும் மேலும் கீழும் போடுகிறோம். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து யுனிக்கோட்டுக்கு மாற்றி அனுப்புங்கள். சென்ற முறை ஒருவர் அனுப்பியது திரையில் பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தது.

புள்ளி போடுகிற வசதியை நான் அணைத்துவிட்டேன். யப்பானில் அதை விரும்புகிறார்களாம். எங்கள் ஆட்களுக்கு எண்பத்திரண்டு புள்ளி வந்தால் மற்றவருக்கு எத்தனை என்று கேட்பார்கள்.

உரிமைப் பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொது இடத்தில் பாட்டுப் போடுவதற்குக் கனடாவில் சோக்கான் என்ற அமைப்பின் அனுமதி தேவை. கரோக்கிக்குத் தனியாகவே கட்டண வகை உண்டு. மண்டபம் எடுக்கும்போது அந்த அனுமதி வாடகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் வீண் வேலை என்று நினைப்பவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்கலாம். எஸ்.பி.பி. அமெரிக்காவில் நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் போயிற்று. எஸ்.பி.பிக்கே அப்படி. 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். 2020 செப்டெம்பரில் எஸ்.பி.பி. போய்விட்டார். எங்கள் பட்டியலில் அதிகப் பாட்டுக்கள் அவருடையவை.

நேரம் பற்றி: பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிக்கிறோம். இருட்டில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பலருக்குப் பயம். யப்பானிலும் ஓய்வுபெற்றவர்கள் பகலில்தான் போகிறார்களாம், பகலில் கட்டணமும் குறைவு. 2020 கோடையில் அங்கே ஒட்டாரு என்ற நகரத்தில் அந்தப் பகல் கரோக்கிக் கடைகளில்தான் கொரோனா பரவியது. எனவே குளிர் என்று முறைப்பாடு வந்தாலும் மண்டபத்தின் இரண்டு யன்னல்கள் திறந்தே இருக்கும். மேலங்கியைக் கழற்றாமல் இருந்து பாடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. வருகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் படத்தின் பெயர், பாடகர், வந்த வருடம், தெரிந்தால் உங்கள் கட்டை, இவற்றை எழுதி ஒரு கிழமைக்கு முன்னரே எனக்குச் சேர்ப்பியுங்கள். அந்த யப்பானிய அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். யமகுச்சி மொமொயேயின் பாட்டு, இரண்டு படி இறக்கி. அதற்குப் பதிலாக அவருக்கு 'சுராங்கனி' சொல்லிக் கொடுப்பதாக 67 வயது அண்ணை பொறுப்பெடுத்திருக்கிறார். வடை இந்த முறை எங்கள் வீட்டிலிருந்து வரும்.